நேட்டால் இந்திய ஆம்புலன்ஸ் படை: தென்னார்க்காட்டுத் தொழிலாளர்கள் சுமந்த டோலிகள்

நேட்டால் இந்திய ஆம்புலன்ஸ் படை (1899–1900) தென்னாப்பிரிக்காவில் இரண்டாம் போயர் போரின்போது காயம்பட்ட வீரர்களைச் சுமந்து செல்வதற்காக அமைக்கப்பட்ட தொண்டர் படை. மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி இதை அமைப்பதில் முன்னின்றார். ஏறத்தாழ 1,100 பேர் கொண்ட இப்படையில் சுமார் 300 பேர் ஒப்பந்தத்திலிருந்து விடுபட்டவர்களும் சுதந்திரமாகக் குடியேறியவர்களும் ஆவர். எஞ்சிய 800 பேர் கரும்புத் தோட்டங்களிலும் பிற வேலைகளிலும் இருந்த ஒப்பந்தக் கூலிகள். நேட்டாலுக்குச் சென்ற ஒப்பந்தத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் சென்னை மாகாணத்தவர். அவர்களை அனுப்பிய முக்கிய மாவட்டங்களில் ஒன்று, கடலூரைத் தலைமையிடமாகக் கொண்டு சிதம்பரத்தையும் உள்ளடக்கிய தென்னார்க்காடு.

இப்படையின் வரலாறு பெரும்பாலும் காந்தியின் வாழ்க்கையில் ஒரு கட்டமாகவே சொல்லப்படுகிறது. ஆனால் ஸ்ட்ரெச்சரின் கைப்பிடியைப் பிடித்து நாளொன்றுக்கு இருபது மைலுக்கு மேல் நடந்தவர்கள் பெயர் பதியப்படாத தொழிலாளர்களே. பதக்கம் பெற்றோர் பட்டியலில் அவர்கள் இல்லை.

டோலியும் அதைத் தூக்குவோரும்

காயம்பட்டவரைப் போர்க்களத்திலிருந்து அகற்றுவது தனிப் பயிற்சி வேண்டும் வேலை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிரிட்டிஷ் காலாட்படையில் ஒவ்வொரு பட்டாலியனின் வாத்தியக் குழுவினரும் போர் தொடங்கியதும் இசைக்கருவிகளை வைத்துவிட்டு ஸ்ட்ரெச்சர் தூக்குவது வழக்கம். அவர்கள் காயம்பட்டவரைக் களத்திலிருந்து கட்டுப்போடும் இடத்துக்குக் கொண்டுவருவார்கள். அங்கிருந்து கள மருத்துவமனைக்கும், பின்னர் இருப்புப்பாதைக்கு அருகிலுள்ள தள மருத்துவமனைக்கும், இறுதியாக ரயிலிலும் கப்பலிலும் காயம்பட்டவர் அனுப்பப்படுவார். இந்தச் சங்கிலியில் ஏதேனும் ஒரு கண்ணி அறுந்தாலும் மருத்துவரிடம் சேர்வதற்கு முன்பே இரத்தப்போக்கினாலோ அதிர்ச்சியினாலோ உயிர் போய்விடும்.

ஸ்ட்ரெச்சர் என்பது இரண்டு கம்புகளுக்கிடையே கட்டப்பட்ட தடித்த துணி. டோலி என்பது ஒரே நீண்ட கம்பில் தொங்கவிடப்பட்ட கட்டில். மேலே வெயில் மறைப்பும் இருக்கும். இரண்டிலும் அடிப்படை விதிகள் ஒன்றே. முன்னால் இருப்பவரும் பின்னால் இருப்பவரும் ஒரே காலை எடுத்துவைத்தால் படுக்கை ஊஞ்சல்போல ஆடும். அதனால் ஒருவர் இடக்காலை வைக்கும்போது மற்றவர் வலக்காலை வைக்க வேண்டும். முழங்காலைச் சற்று மடக்கி, குட்டையாக அடியெடுத்து நடக்க வேண்டும். மேட்டில் ஏறும்போது காயம்பட்டவரின் தலை முன்னாலும், இறங்கும்போது கால் முன்னாலும் இருக்க வேண்டும். எலும்பு முறிந்தவருக்கும் வயிற்றில் குண்டு பாய்ந்தவருக்கும் ஒவ்வொரு குலுக்கலும் வேதனை. கரடுமுரடான பாதையில் மாட்டு வண்டியோ குதிரை வண்டியோ ஓடினால் அந்தக் குலுக்கலே உயிரைக் குடித்துவிடும். மனிதத் தோளுக்கு அன்று மாற்று இல்லாததற்குக் காரணம் இதுவே.

இந்தியாவில் கம்பெனிப் படைகள் எங்கு சென்றாலும் டோலி தூக்குவோர் உடன் சென்றனர். படையின் கணக்கில் அவர்கள் சிப்பாய்களாகச் சேர்க்கப்படாமல் 'பின்தொடர்வோர்' என்ற வகையில் வைக்கப்பட்டனர். இங்கிலாந்தில் டோலி என்றால் என்னவென்றே தெரியாத ஒருவர், மூர்க்கமான 'டோலிகள்' பாய்ந்து வந்து காயம்பட்டவர்களைத் தூக்கிச் சென்றதாக எண்ணி அஞ்சினார் என்று ஆங்கிலேயரிடையே ஒரு நகைச்சுவைக் கதை வழங்கியது. உயிரைக் காப்பாற்றியவர்கள் எவ்வளவு தூரம் அறியப்படாதிருந்தார்கள் என்பதற்கு அந்தச் சிரிப்பே சான்று.

கடலூர், சிதம்பரம் வட்டாரம்

இப்படைக்கு ஆள் தந்த வட்டாரம் போரைப் புதிதாகக் கண்டதல்ல. கடலூருக்கு அருகிலுள்ள தேவனாம்பட்டினத்தில் இருந்த செயின்ட் டேவிட் கோட்டையை 1690இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கியது. 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் வசமானபோது சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயரின் தலைமையிடமாக அந்தக் கோட்டை விளங்கியது. 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி அதைப் பிடித்தார்.

1781 ஜூன் மாதம் ஆங்கிலத் தளபதி அயர் கூட், ஹைதர் அலியின் வீரர்கள் காத்துநின்ற சிதம்பரம் கோயில் அரணைத் தாக்கித் தோற்றுத் திரும்பினார். அடுத்த சில நாட்களில், ஜூலை 1 அன்று, பரங்கிப்பேட்டைக்கு அருகே இரு படைகளும் மோதின. அதில் கூட் வென்றார். 1783இல் கடலூரில் பிரெஞ்சுப் படையும் ஆங்கிலப் படையும் மோதிய முற்றுகை, ஐரோப்பாவில் சமாதானம் ஏற்பட்ட செய்தி வந்த பிறகே நின்றது.

மூன்று தலைமுறைக் காலம் படைகள் நடந்துபோன இக்கரையில் வண்டி ஓட்டுவதும் சுமை தூக்குவதும் தண்ணீர் கொண்டுவருவதும் உள்ளூர் மக்களின் வேலையாக இருந்தன. இவ்வட்டாரத்தில் பரவலாக வழங்கும் 'படையாட்சி' என்ற பட்டப்பெயரிலும் படை என்ற சொல் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் 'படையாச்சி' என்பது இன்றும் பெருவாரியாகக் காணப்படும் குடும்பப் பெயர். நாயுடு, பிள்ளை, கவுண்டர், முதலியார், ரெட்டி, செட்டி முதலிய பெயர்களும் அவ்வாறே ஆங்கில உச்சரிப்பில் திரிந்து அங்கு நிலைத்துவிட்டன.

தென்னார்க்காட்டிலிருந்து நேட்டாலுக்கு

நேட்டால் அன்று இந்தியப் பெருங்கடலோரத்தில் இருந்த பிரிட்டிஷ் குடியேற்றம். அதன் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற கப்பல் 342 பேருடன் நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தை அடைந்தது. 1911இல் ஆள் அனுப்புவது நிறுத்தப்படும்வரை மொத்தம் 152,184 பேர் சென்றனர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை வழியாகச் சென்றவர்கள். எஞ்சியோர் கல்கத்தா வழியாகச் சென்றனர்.

தென்னார்க்காடு, வடார்க்காடு, செங்கற்பட்டு ஆகிய மாவட்டங்களில் நிலமற்ற உழவுத் தொழிலாளர்களையும் கடனில் மூழ்கிய சிறு உழவர்களையும் கங்காணிகளும் ஆள்பிடிப்பவர்களும் தேடிச் சென்றனர். 1876–78ஆம் ஆண்டுகளின் பெரும் பஞ்சம் பலரை ஊரைவிட்டுக் கிளப்பியது. ஐந்தாண்டு ஒப்பந்தம், முதலாண்டில் மாதம் பத்து ஷில்லிங் கூலி, அரிசி, பருப்பு, எண்ணெய், உப்பு படியாகக் கிடைக்கும். அனுமதிச் சீட்டு இல்லாமல் தோட்டத்தை விட்டு வெளியே போனால் சிறை.

சென்னைக் கிடங்கில் கப்பலேறும் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுக்கப்பட்டது. பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், வட்டம், ஊர், உயரம், உடலிலுள்ள தழும்பு என எல்லாமே கப்பல் பட்டியலில் எழுதப்பட்டன. அந்தப் பதிவேடுகள் இன்றும் உள்ளன. ஓடிப்போனால் பிடிப்பதற்காக எழுதப்பட்ட அடையாளங்கள் இன்று பேரப்பிள்ளைகள் தங்கள் பூர்வீக ஊரைக் கண்டுபிடிக்க உதவுகின்றன.

ஒப்பந்தம் முடிந்தவர்கள் அங்கேயே தங்கி நிலம் பயிரிட்டனர், காய்கறி விற்றனர். அது வெள்ளைக் குடியேறிகளுக்குப் பிடிக்கவில்லை. 1895ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று, ஒப்பந்தம் முடிந்தபின் நாடு திரும்பாமலும் மறு ஒப்பந்தம் செய்யாமலும் இருப்பவர் ஆண்டுக்கு மூன்று பவுன் வரி கட்ட வேண்டும் என்றது. 1896இல் இந்தியரின் வாக்குரிமைக்கு வழி அடைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு குடியேற்றத்துக்கும் வணிக உரிமத்துக்கும் கட்டுப்பாடுகள் வந்தன. போர் மூண்டபோது நேட்டால் இந்தியர்களின் நிலை இதுதான்.

படை அமைந்த விதம்

1899 அக்டோபர் 11 அன்று பிரிட்டனுக்கும் டச்சு வழியினரான போயர்களின் இரு குடியரசுகளுக்கும் இடையே போர் தொடங்கியது. போயர் படை நேட்டாலுக்குள் புகுந்தது. நவம்பர் தொடக்கத்தில் லேடிஸ்மித் நகரம் முற்றுகையிடப்பட்டது. டண்டி, நியூகாசில் பகுதிகளின் நிலக்கரிச் சுரங்கங்களில் இருந்த இந்தியர் பலர் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு தெற்கே ஓடிவந்தனர்.

இந்தியர்கள் இந்தப் போரில் என்ன செய்ய வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இருந்தது. தங்களை ஒடுக்கும் அரசுக்கு ஏன் உதவ வேண்டும் என்று சிலர் கேட்டனர். போயர்கள் சிறிய இனம், நியாயம் அவர்கள் பக்கம் என்றும் சிலர் எண்ணினர். தம் சொந்த அனுதாபம் போயர்களிடமே இருந்தது என்று காந்தி பின்னர் தம் சுயசரிதையில் எழுதினார். ஆயினும் பிரிட்டிஷ் பிரஜைகள் என்ற முறையில் உரிமை கேட்பவர்கள் அந்த முறையில் கடமையையும் ஏற்க வேண்டும் என்பது அப்போது அவருடைய வாதம். இந்தியர்கள் பணத்துக்காக மட்டுமே நேட்டாலுக்கு வந்தவர்கள், ஆபத்து வந்தால் ஒளிந்துகொள்வார்கள் என்று வெள்ளையர்கள் பேசிவந்ததும் அவரை உறுத்தியது.

அக்டோபரில் அவர் அனுப்பிய கடிதத்துக்கு அரசு நன்றி சொன்னதே தவிர உதவியை ஏற்கவில்லை. டர்பனில் இந்தியருக்கான ஆங்கிலிக்கன் மிஷனை நடத்திய மருத்துவர் பூத், தொண்டர்களுக்குக் கட்டுப்போடவும் காயத்தைப் பராமரிக்கவும் கற்றுக்கொடுத்தார். பிஷப் பெய்ன்ஸ் அரசிடம் பரிந்து பேசினார். போரில் பிரிட்டிஷ் சேதம் ஏறிக்கொண்டே போனதும் அரசின் மனம் மாறியது. ஜெனரல் புல்லரின் படை துகேலா ஆற்றைக் கடந்து லேடிஸ்மித்தை மீட்கப் புறப்பட்டபோது ஆயிரக்கணக்கில் ஸ்ட்ரெச்சர் தூக்குவோர் தேவைப்பட்டனர். வெள்ளையர் தொண்டர் படை ஒன்றும் அமைக்கப்பட்டது. அப்படையினரை வீரர்கள் விளையாட்டாகப் 'பிணம் பிடுங்கிகள்' என்று அழைத்தனர்.

இந்தியப் படையில் சுமார் நாற்பது பேர் தலைவர்கள். வழக்கறிஞர்கள், கணக்கர்கள், ஆசிரியர்கள், மொழிபெயர்ப்பாளர்கள் என ஆங்கிலம் தெரிந்தவர்களே அந்தப் பொறுப்பில் இருந்தனர். நேட்டாலில் பிறந்த தமிழ்க் கிறிஸ்தவ இளைஞர்களும் இவர்களில் உண்டு. தலைவர்கள் ஊதியம் பெறவில்லை. இந்திய வணிகர்கள் படைக்கும் காயம்பட்டவர்களுக்கும் பொருளுதவி செய்தனர். ஒப்பந்தக் கூலிகளை அவர்களது முதலாளிகள் மூலம் அரசே திரட்டியது. நேற்றுவரை அனுமதிச் சீட்டு இல்லாமல் தோட்டத்து வாசலைத் தாண்ட முடியாதிருந்தவர்கள் போர்முனைக்கு ரயிலேறினர்.

கோலென்சோ: 1899 டிசம்பர் 15

துகேலா ஆற்றங்கரையிலுள்ள கோலென்சோவில் புல்லரின் படை போயர்களின் மறைவான அகழிகளை நேருக்குநேர் தாக்கியது. ஒரே காலைப்பொழுதில் 1,100 பேருக்கு மேல் இறந்தும் காயம்பட்டும் பிடிபட்டும் போயினர். பத்துப் பீரங்கிகள் போயர்களிடம் சிக்கின. இந்தியப் படையினர் சீவ்லி ரயில் நிலையத்தில் இறங்கிய கையோடு, களைப்பையும் பசியையும் பாராமல் கள மருத்துவமனைக்கு நடந்தனர். அங்கிருந்து காயம்பட்டவர்களை நிலையத்துக்குச் சுமந்து வருவது அவர்கள் வேலை.

அந்தப் பீரங்கிகளை மீட்கப் பாய்ந்தவர்களில் லெப்டினன்ட் ஃபிரெடெரிக் ராபர்ட்ஸ் ஒருவர். குண்டுக் காயங்களால் அவர் இரண்டு நாளில் இறந்தார். அவரது உடலைச் சுமந்து செல்லும் பொறுப்பு தங்கள் படைக்குக் கிடைத்தது என்று காந்தி எழுதுகிறார். அந்த இளைஞரின் தந்தை லார்ட் ராபர்ட்ஸ் 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தலைமைத் தளபதியாக இருந்தவர். சென்னை மாகாணத்திலிருந்து கூலிகளாகக் கப்பலேறிய மக்கள், அந்த மாகாணப் படைக்குத் தலைமை தாங்கியவரின் ஒரே மகனுக்குத் தோள் கொடுத்தனர்.

அந்த நடையில் நடந்த சிறு நிகழ்ச்சி ஒன்றையும் காந்தி குறிப்பிடுகிறார். கடும் வெயில், எல்லோருக்கும் தாகம். வழியில் சிறிய ஓடை ஒன்று இருந்தது. வெள்ளைச் சிப்பாய்கள் குடித்து முடிக்கட்டும் என்று இந்தியர்கள் ஒதுங்கி நின்றனர். சிப்பாய்களோ, நீங்கள் முதலில் குடியுங்கள் என்று வற்புறுத்தினர். யார் முதலில் குடிப்பது என்று சிறிது நேரம் அன்புப் போட்டியே நடந்தது. டர்பனின் நடைபாதைகளில் அவமதிப்பைப் பழகியவர்களுக்கு அந்த ஓடைக்கரை அனுபவம் புதிது.

ஸ்பியன் கோப்: 1900 ஜனவரி

கோலென்சோவுக்குப்பின் கலைக்கப்பட்ட படை, 1900 ஜனவரியில் புல்லர் மீண்டும் முன்னேறத் தயாரானபோது திரும்பக் கூடியது. ஜனவரி 23 இரவில் ஜெனரல் உட்கேட் தலைமையில் சுமார் 1,700 வீரர்கள் ஸ்பியன் கோப் என்ற செங்குத்தான குன்றில் ஏறினர். பாறை நிலமாதலால் ஆழமான அகழி தோண்ட முடியவில்லை. காலையில் மூடுபனி விலகியதும் சுற்றியிருந்த குன்றுகளிலிருந்து போயர்கள் சுடத் தொடங்கினர். தென்னாப்பிரிக்காவில் ஜனவரி கோடைக்காலம். உச்சியில் நிழலும் இல்லை, போதிய தண்ணீரும் இல்லை. அன்று இரவு பிரிட்டிஷ் படை பின்வாங்கியபோது இருநூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்திருந்தனர். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் காயமுற்றோ பிடிபட்டோ இருந்தனர். இங்கிலாந்தின் லிவர்பூல் கால்பந்து மைதானத்தில் 'கோப்' எனப்படும் பார்வையாளர் மேடை இந்தக் குன்றின் பெயரைத் தாங்கியதுதான்.

இந்தியப் படை சேர்க்கப்பட்டபோது அவர்கள் குண்டு பாயும் எல்லைக்கு வெளியேதான் பணியாற்றுவார்கள் என்பது ஏற்பாடு. ஸ்பியன் கோப் தோல்விக்குப்பின் நிலைமை மாறியது. இராணுவ மருத்துவ அதிகாரி மேஜர் பாப்டி ஜெனரல் புல்லரின் செய்தியைக் கொண்டுவந்தார். ஆபத்தை ஏற்க நீங்கள் கடமைப்பட்டவர்கள் அல்லர். ஆனால் களத்துக்குள் வந்து காயம்பட்டவர்களைத் தூக்கிவந்தால் அரசு நன்றியுடையதாக இருக்கும் என்பது அதன் சாரம். படை தயங்கவில்லை. துகேலா ஆற்றின் மிதவைப் பாலத்தைக் கடந்து குன்றடிக்குச் சென்றது. பாப்டியும் துணிவில் குறைந்தவர் அல்லர். கோலென்சோவில் குண்டுமழைக்கிடையே காயம்பட்டவர்களிடம் சென்றதற்காக விக்டோரியா கிராஸ் பெற்றவர்.

தலையில் குண்டு பாய்ந்த ஜெனரல் உட்கேட்டும் இந்தியர்களால் சுமக்கப்பட்டவர்களில் ஒருவர். அவர் மார்ச் மாதம் காயத்தினால் இறந்தார். அடுத்து பிப்ரவரி 5 முதல் 7 வரை நடந்த வால் கிரான்ட்ஸ் சண்டையிலும் படை பணியாற்றியது.

இந்த வாரங்களின் கடினம் தூரத்தில் இருந்தது. கள மருத்துவமனையிலிருந்து ஃப்ரியர் என்ற இடத்தின் தள மருத்துவமனைவரை ஏறத்தாழ இருபத்தைந்து மைல், அதாவது நாற்பது கிலோமீட்டர். கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு உள்ள தூரத்தைக் காட்டிலும் சற்றே குறைவு. காலை எட்டு மணிக்குக் காயம்பட்டவரைத் தூக்கினால், வழியில் மருந்தும் உணவும் கொடுத்து, மாலை ஐந்து மணிக்குள் கொண்டுசேர்க்க வேண்டும். பாதை குண்டும் குழியும். ஒரு குழு களைத்தால் மற்றொரு குழு தோள் மாற்றும். படுத்திருப்பவர் முனகினால் நடையை மட்டுப்படுத்த வேண்டும், நேரமும் தவறக்கூடாது. துப்பாக்கி ஏந்தாத இந்த வீரத்தில் ஆரவாரம் கிடையாது. கைப்பிடியை விடாமல் இருப்பதுதான் அதன் முழு இலக்கணம்.

லேடிஸ்மித்தில் பிரபு சிங்

முற்றுகையிடப்பட்ட லேடிஸ்மித்திலும் இந்தியர்கள் இருந்தனர். இந்தியாவிலிருந்து வந்த படைப் பிரிவுகளுடன் வந்த டோலி தூக்குவோர் அங்கே மருத்துவமனைப் பணியில் இருந்தனர். நேட்டாலின் ஒப்பந்தக் கூலிகளும் அங்கே அகப்பட்டிருந்தனர். அவர்களில் பிரபு சிங் என்பவருக்கு மிக ஆபத்தான வேலை கொடுக்கப்பட்டது. அருகிலிருந்த குன்றில் போயர்கள் வைத்திருந்த பெரும் பீரங்கி நகரத்தின்மீது குண்டு வீசியது. பிரபு சிங் மரத்தின்மேல் அமர்ந்து, பீரங்கி வாயில் தீப்பொறி தெரிந்ததும் மணி அடித்து எச்சரிப்பார். மணி கேட்டதும் மக்கள் பதுங்கிக்கொள்வார்கள்.

இச்செயல் இந்தியாவரை எட்டியது. வைசிராயின் மனைவி கர்சன் சீமாட்டி அவருக்கு ஓர் அங்கியைப் பரிசாக அனுப்பினார். போரில் பணியாற்றிய ஒப்பந்தக் கூலிகளில் பெயர் சொல்லிப் பாராட்டப்பட்ட அரிய மனிதர் அவர்.

பதக்கமும் பதிவும்

ஜெனரல் புல்லர் தம் அறிக்கையில் இந்தியப் படையின் பணியைக் குறிப்பிட்டார். தலைவர்கள் 37 பேருக்குப் போர்ப் பதக்கம் வழங்கப்பட்டது. நேட்டால் செய்தித்தாள்கள் இந்தியர்களைப் பேரரசின் மைந்தர்கள் என்று புகழ்ந்தன. ஒப்பந்தக் கூலிகள் பதக்கமின்றித் தோட்டங்களுக்குத் திரும்பினர்.

தலைவர்களுக்கும் கூலிகளுக்கும் இடையே முகாமில் ஏற்பட்ட நெருக்கத்தைக் காந்தி பெரும் பயனாகக் கருதினார். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர், தமிழர், குஜராத்தி, சிந்தி என்ற வேற்றுமை மறைந்து எல்லோரும் இந்தியர் என்ற உணர்வு வளர்ந்தது என்று அவர் எழுதினார். ஆனால் போர் முடிந்து சிறப்புரைகள் ஓய்ந்ததும் சட்டங்கள் தளரவில்லை. மூன்று பவுன் வரி 1901 முதல் உண்மையிலேயே வசூலிக்கப்பட்டது. பிரிட்டிஷ் ஆட்சிக்கு வந்த டிரான்ஸ்வாலில் இந்தியர் பதிவுச் சட்டம் முன்னைக்காட்டிலும் கடுமையானது. அதை எதிர்த்த சத்தியாக்கிரகத்தில் சிறை சென்று, 1909இல் விடுதலையான சில நாட்களில் இறந்தவர் நாகப்பன் படையாட்சி என்ற பதினெட்டு வயது இளைஞர்.

ஜோகன்னஸ்பர்க்கின் அப்சர்வேட்டரி குன்றில், இப்போரில் இறந்த இந்தியப் படையினருக்காக எழுப்பப்பட்ட நினைவுத்தூண் ஒன்று உள்ளது. சிப்பாய்களோடு 'பின்தொடர்வோரும்' அதில் நினைவுகூரப்படுகின்றனர்.

1906: சூலு கிளர்ச்சி

1906இல் நேட்டால் அரசு விதித்த தலைவரியை எதிர்த்து பம்பாத்தா என்ற தலைவரின் கீழ் சூலு மக்கள் கிளர்ந்தனர். காந்தி மீண்டும் ஸ்ட்ரெச்சர் படை ஒன்றைத் திரட்டினார். இது 24 பேர் மட்டுமே கொண்ட சிறு படை. அவர்களில் நான்கு குஜராத்தியரையும் ஒரு பட்டாணியரையும் தவிர ஏனையோர் தென்னிந்தியாவிலிருந்து வந்து ஒப்பந்தம் முடித்தவர்கள்.

இங்கு அவர்கள் பெரும்பாலும் பராமரித்தது வெள்ளைச் சிப்பாய்களை அல்ல. சந்தேகத்தின்பேரில் பிடித்து சாட்டையால் அடிக்கப்பட்ட சூலு மக்கள் புண் சீழ்பிடித்துக் கிடந்தனர். வெள்ளைச் செவிலியர்கள் அவர்களைத் தொட முன்வரவில்லை. புண்ணைக் கழுவிக் கட்டுப்போட்டவர்கள் இந்தப் படையினரே. அது போரே அல்ல, மனித வேட்டை என்று காந்தி பின்னர் வருந்தி எழுதினார். குடியேற்ற அரசின் சீருடையில் சென்றவர்கள் அந்த அரசு அடித்துப்போட்டவர்களின் புண்ணைத் துடைத்தனர் என்ற முரண்பாடு இந்த நிகழ்வில் இருக்கிறது.

பிற்காலம்

முதல் உலகப்போரில் கிழக்கு ஆப்பிரிக்கப் போர்முனைக்கு நேட்டால் இந்தியர்களின் ஸ்ட்ரெச்சர் படை ஒன்று சென்றது. அதில் பணியாற்றிய ஆல்பர்ட் கிறிஸ்டோபர், வீரச்செயலுக்கான டி.சி.எம். பதக்கம் பெற்றார். 1913ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தில் பங்கேற்ற அவர், பிற்காலத்தில் வழக்கறிஞராகவும் இந்தியர் உரிமை இயக்கத்தின் தலைவர்களில் ஒருவராகவும் விளங்கினார். இரண்டாம் உலகப்போரிலும் தென்னாப்பிரிக்க அரசு இந்தியர்களுக்கு ஆயுதம் தர மறுத்து, வாகன ஓட்டிகளாகவும் ஸ்ட்ரெச்சர் தூக்குவோராகவுமே சேர்த்தது.

மூன்று பவுன் வரி நீங்கியது போர்ச் சேவையினால் அல்ல. 1913இல் நிலக்கரிச் சுரங்கங்களிலும் கரும்புத் தோட்டங்களிலும் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து, சிறையையும் துப்பாக்கிச் சூட்டையும் எதிர்கொண்ட பின்னரே 1914இல் அது நீக்கப்பட்டது. தோட்டத்துச் சீட்டைத் தாண்டி வெளியே வந்து, ஒன்றாக நடந்து, ஒன்றாகத் துன்பம் தாங்கிய அனுபவம் அந்த மக்களுக்கு அதற்கு முன்பே போர்க்களத்தில் ஒருமுறை கிடைத்திருந்தது.

வரலாற்றில் இடம்

இப்படையைப் பற்றிய மதிப்பீடுகள் இருவகை. குடியேற்ற ஆதிக்கத்தின் போருக்குத் துணைபோன செயல் இது என்பது ஒன்று. உயிர் காப்பதைக் கடமையாக ஏற்று, தங்களை இழிவாகக் கருதியவர்களையே சுமந்த மனிதத் தொண்டு இது என்பது மற்றொன்று. தலைவர்களின் அரசியல் கணக்கைப் பற்றி விவாதிக்கலாம். தோட்ட முதலாளியின் சொல்லுக்குக் கட்டுப்பட்டுப் போர்முனைக்கு வந்தவர்களுக்கு அந்தக் கணக்கில் பங்கில்லை. சுமக்கப்பட்டவர் உயிரோடு மருத்துவமனை சேர்ந்ததில்தான் அவர்களுக்குப் பங்குண்டு.

தமிழ்நாட்டின் பல ஊர்களில் முதல் உலகப்போருக்கு அந்த ஊரிலிருந்து எத்தனை பேர் சென்றனர், எத்தனை பேர் உயிர் துறந்தனர் என்று கூறும் கல்வெட்டுகள் காணப்படுகின்றன. அவற்றில் எண்ணிக்கை இருக்கும், பெயர் இருக்காது. நேட்டால் ஆம்புலன்ஸ் படையின் எண்ணூறு ஒப்பந்தக் கூலிகளுக்கு வரலாறு கொடுத்திருப்பதும் அப்படியொரு எண்ணிக்கைதான். ஆனால் கப்பல் பட்டியல்களில் தென்னார்க்காட்டு ஆட்கள் ஊர்ப் பெயரோடும் தந்தை பெயரோடும் எழுதப்பட்டிருக்கின்றனர். கடலூர், சிதம்பரம் வட்டார வரலாற்றை எழுதுவோர் அந்தப் பட்டியல்களையும் தங்கள் மாவட்ட ஆவணங்களாகக் கொள்ள இடமுண்டு.